பரீட்சை முடியும்வரை

லண்டனிலிருந்து அன்புராசா தொலைபேசி எடுத்தபோது நிலாணி பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தாள். நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமைக் காலை. கனடாவில், மோர்னிங்சைட் அடுக்குமாடியின் யன்னலுக்கு வெளியே மழையென்றும் சொல்ல முடியாத, பனியென்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. கணவனின் தம்பி வேலைநாளில் எடுக்கிறான் என்றதுமே தவமணிக்கு விளங்கிவிட்டது. அவன் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எடுக்கிறான் என்பது குரலில் தெரிந்தது.

“மச்சாள், அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

மகேஸ்வரன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவர். அறையில் கூட இருக்கும் பொடியன் மத்தியானம் எழுப்பப் போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்ததாம். நெஞ்சுவலியாக இருக்கும் என்றார்களாம். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைதான் மகள் நிலாணியோடு தொலைபேசியில் வெகுநேரம் சிரித்துக் கதைத்தவர். ஆஸ்பத்திரியில் பரிசோதித்த பிறகே உடலைத் தருவார்கள், எரிப்பதற்கு அடுத்த கிழமையாகிவிடும் என்று அன்புராசா சொன்னான். அவள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ,” என்றான் அன்புராசா. “வியாழக்கிழமை அவளுக்கு இன்ரவியூ எல்லே. அது முடியட்டும்.”

தவமணியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய ஆட்களில் அப்படி நினைக்காதவர் எவருமில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் சாவைச் சொல்வதில்லை. தவமணி உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் அவளுடைய சின்ன மாமா இறந்துபோனார். கடைசிப் பாடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவளிடம் வாசலில் சைக்கிளோடு நின்ற அண்ணன் சொன்னான். அன்றைக்கு வீட்டில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு நடந்துகொண்டிருந்தது. அவள் அழுதாள், பரீட்சையும் பாஸ் பண்ணினாள். யாரும் யாருக்கும் தீங்கு செய்துவிட்டதாக அந்த வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு தவமணி சமையலறையில் போய் நின்றாள். ஏன் அங்கே போனாள் என்று தெரியவில்லை. நிலாணி குடித்துவிட்டு வைத்த கோப்பை தொட்டிக்குள் கிடந்தது. அதைக் கழுவினாள்.

நிலாணி அமெரிக்கப் பிரசை. அந்தக் கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய பகிடி. “அமெரிக்காக்காரி, நீங்கள் இடியப்பம் சாப்பிடுவீங்களோ?” என்று லிஃப்டுக்குள் கேட்பார்கள். எழுபதுகளின் கடைசியில் மகேஸ்வரன் பொறியியல் மேற்படிப்புக்கு ஒக்லஹோமாவுக்குப் போயிருந்தார். தவமணியும் கூடப் போயிருந்தாள். நிலாணி அங்கே பிறந்து, நடக்கத் தொடங்குமுன்பே யாழ்ப்பாணம் வந்துவிட்டாள். அமெரிக்காவிலேயே நின்றுவிடுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லியும் மகேஸ்வரன் கேட்கவில்லை. பாலம் கட்டப் படித்தவன் பாலம் இல்லாத ஊரில்தான் இருக்க வேண்டும் என்றார். திரும்பி வந்தவர் கட்டியது ஒன்றுமில்லை. இருந்த பாலங்கள் உடைக்கப்படுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, சண்டை தாங்க முடியாத ஒரு வருடத்தில், மகளுடைய அந்த நீலப் பாஸ்போட்டைப் பிடித்துக்கொண்டு தாயும் மகளும் வெளிக்கிட்டார்கள். பஃபலோவரை அமெரிக்கா. அங்கிருந்து எல்லையைக் கடந்து கனடா, அகதி விண்ணப்பம், ஸ்காபரோ. படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டுவர முடியாமல் மகேஸ்வரன் பின்தங்கினார். தகப்பன் கண்மூடிய பிறகு ஏஜென்ற் ஒருவன் கனடாவுக்கென்று ஏற்றி, லண்டனில் இறக்கிவிட்டான். அங்கே அவருடைய அகதிக் கோப்பு ஒரு மேசையில் கிடந்தது. இங்கே அவரைக் கூப்பிடத் தவமணி போட்ட ஸ்பொன்சர் கோப்பு இன்னொரு மேசையில் கிடந்தது. வருடங்கள் போயின. தவமணிக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை. அவளிடமிருந்த அகதிப் பயணப் புத்தகத்துக்கு விசா கேட்டுப் போனபோது பிரிட்டிஷ்காரர் ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மகளைத் தனியே அனுப்ப அவளுக்கு மனமில்லை. அடுத்த கோடைக்குப் பார்ப்போம் என்று ஒவ்வொரு கோடையும் சொன்னாள்.

அவர்கள் சண்டை பிடித்ததில்லை. சண்டை பிடிக்காமலே வேறு வேறு ஆட்களாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எடுப்பார். சுகமோ என்பார், வேலை எப்படி என்பார், குளிரோ என்பார். அதற்குப் பிறகு, “பிள்ளையிட்டைக் குடும்.” நிலாணி தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போவாள். கதவுக்கு இந்தப் பக்கம் தவமணிக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும்.

லண்டனில் போய்ப் படிப்பது என்பது அந்தக் கதவுக்குப் பின்னால்தான் முடிவானது. அப்பா கனடாவுக்கு வர முடியாது, அம்மா லண்டனுக்குப் போக முடியாது, எங்கும் போகக்கூடிய பாஸ்போட் வைத்திருக்கிற நான் போகிறேன் என்று ஒரு நாள் நிலாணி வந்து சொன்னாள். பள்ளிக்கூடத்து ஆலோசகர் தலையைச் சொறிந்தாராம். அவருக்குத் தெரிந்த பிள்ளைகளெல்லாம் ஒன்ராறியோவுக்குள் விண்ணப்பித்தவர்கள். கடைசியில் அமெரிக்க மாணவர்கள் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்ற கையேடு ஒன்றைத் தேடி எடுத்து, “நீ அமெரிக்கன்தானே, இது உனக்கு,” என்று கொடுத்தாராம். எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே படிவம். தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுத வேண்டும். தன்னை இப்படிப் புகழ வெட்கமாயிருக்கிறது என்று நிலாணி கிழமைக்கணக்காக அதை எழுதி எழுதிக் கிழித்தாள். என் அப்பா ஒரு பொறியியலாளர், இப்போது பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறார் என்று தொடங்கியிருந்தாள். அந்த வசனத்தை எடுத்துவிடச் சொல்லி மகேஸ்வரன் தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறார். அவள் எடுக்கவில்லை.

லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் விண்ணப்பகாரரைப் பார்ப்பதற்கென்று அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை டவுன்ரவுன் ஹோட்டல் ஒன்றில் நிலாணிக்கு நேரம் கிடைத்திருந்தது.

அன்று பின்னேரம், நிலாணி வருமுன்பே தவமணி பிளாசாவில் வின்சன்றின் கடைக்குப் போனாள். மரக்கறியும் மீனும் வீடியோப் படமும் விற்கிற கடை. லண்டனிலிருந்து தொலைநகலில் வந்த மரண அறிவித்தல் அதற்குள் கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது. மகேஸ்வரன் கழுத்துப்பட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒக்லஹோமாவில் எடுத்த படம். நிலாணி பள்ளியால் வந்து பஸ்சை விட்டு இறங்குவது அந்தக் கண்ணாடிக்கு நேரெதிரே.

வின்சன்ற் அவள் கேட்குமுன்பே விளங்கிக்கொண்டு நகத்தால் ஒட்டுத்தாளை உரித்தார். “வானொலிக்காரருக்கும் நான் சொல்லிவிடுறன், அக்கா. பெயர் வாசிக்காயினம். நீங்கள் யோசியாதேங்கோ.” படத்தை மடிக்க மனமில்லாமல், சுருட்டி, காசுப்பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார். கடையில் நின்ற இரண்டு பெண்களும் ஓம், பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்றார்கள். ஒருத்தியைத் தவமணிக்கு யாரென்றே தெரியாது.

அடுத்த நாட் காலை தவமணி முகம் கழுவிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். குங்குமச் சிமிழைத் திறந்தாள். வைக்காவிட்டால் நிலாணி கேட்பாள். விரல் நுனியில் எடுத்து, வழக்கமான இடத்தில் வைத்தாள். பொட்டு சரிந்தது. துடைத்துவிட்டு மீண்டும் வைத்தாள். பக்கத்து வீட்டு அருள்நாயகி அக்கா மாத்திரம் அன்று கதவடியில் நின்று அந்த நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்தில் நிலாணி வந்தாள். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கதைக்கத் தொடங்கினாள். பேராசிரியர் அரைவாசி நேரம் பாலங்களைப் பற்றித்தான் கேட்டாராம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னது அவ்வளவும் வாயில் வந்ததாம். ஆனால் ஒரு சிக்கல். அவள் அமெரிக்கன் என்கிறாள், அமெரிக்கப் பிள்ளைகள் கொண்டுவருகிற பரீட்சைப் பெறுபேறு ஒன்றும் அவளிடம் இல்லை. ஒன்ராறியோப் புள்ளிகளை எதோடு வைத்து நிறுப்பது என்று அவருக்குத் தெரியவில்லையாம். ஆகவே தங்களுடைய கணித வினாத்தாள் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாராம். செவ்வாய்க்கிழமை காலை ஆசிரியர் முன்னால் இருந்து எழுத வேண்டும்.

“அது சரி வந்தால் இடம் நிச்சயமாம், அம்மா. அந்தாள் சிரிச்சுக்கொண்டு சொன்னது.” அவள் தொலைபேசியை எடுத்தாள். “அப்பாவுக்குச் சொல்ல வேணும்.”

“அங்க இப்ப சாமம்,” என்றாள் தவமணி. “அவர் வேலையில நிப்பார். ஞாயிறு சொல்லுவம்.”

நிலாணி தொலைபேசியை வைத்தாள். தவமணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்வதென்றுதான் இருந்தாள். அதற்காக மத்தியானத்திலிருந்து வசனங்களைத் தேடி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அன்புராசா எடுத்தான். உடலைத் தந்துவிட்டார்கள், எரிப்பது செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, அதற்கு மேல் மண்டபத்தில் இடமில்லை. இன்று பிள்ளையை ஏற்றிவிட்டால் நாளைக்கு இங்கே நிற்பாள் என்றான். அவளுக்கு விசாவும் தேவையில்லை, எங்கள் குடும்பத்திலேயே நினைத்த நேரம் பிளேன் ஏறக்கூடியது அவள் ஒருத்திதான் என்றான்.

“செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பேப்பர் இருக்கு, தம்பி.”

“கேட்டால் தள்ளி வைப்பாங்கள், மச்சாள். தகப்பன் செத்தது எண்டால் ஆர் மறுக்கப்போகினம்?”

“மறுத்தால்?”

“அண்ணையின்ர முகத்தை ஒருக்கா அவள் பாக்கட்டும்,” என்றான்.

“அவர் இருந்திருந்தாலும் எழுதச் சொல்லித்தான் சொல்லியிருப்பார்,” என்றாள் தவமணி.

அது உண்மையாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள இனி வழியில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேட்டிருக்கலாம். அந்த வீட்டின் ஆங்கில அழைப்புகளையெல்லாம் நிலாணியே எடுத்துப் பழகிவிட்டாள், தனக்கு வாய் வராது என்று தவமணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னொரு நினைப்பும் உள்ளே இருந்தது. நிலாணி போனால் அவருடைய முகத்தை மகள் பார்ப்பாள். தான் பார்க்கமாட்டாள். அந்த நினைப்பு வந்த கையோடு எழுந்து போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

அன்று பின்னேரம் நிலாணி கோயிலுக்குப் போக வேண்டுமென்றாள். பரீட்சைக்கு முந்திய வெள்ளி, ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும். செத்தவீட்டுத் தீட்டான துடக்கோடு கோயில் வாசற்படி மிதிக்கக்கூடாது. தனக்குச் சுகமில்லை என்றாள் தவமணி. அப்படியென்றால் அருள்நாயகி அன்ரியோடு போய்வருகிறேன் என்று நிலாணி வெளிக்கிட்டாள். தவமணி பின்னாலேயே ஓடினாள். அருள்நாயகி அக்கா கதவைத் திறந்து, தாயின் கண்ணையும் மகளின் கண்ணையும் பார்த்தாள்.

“கார் ஸ்ராட் வருகுதில்லை, மோனை. உந்தக் குளிருக்கு உது இப்பிடித்தான். பிள்ளையார் எங்க போகப்போறார், வீட்டில நிண்டு கும்பிடு.”

“எல்லாரும் இண்டைக்கு ஒருமாதிரி,” என்று சொல்லிவிட்டு நிலாணி திரும்பி வந்தாள். சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றப் போனபோது தவமணி தீப்பெட்டியைத் தேடுவது போல அங்குமிங்கும் நடந்தாள். நிலாணி விளக்கில்லாமலே கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குச் சற்று முன்பு, பால் முடிந்துவிட்டது என்று மகளைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தவளிடம், “அப்பா எடுத்தவர்,” என்றாள்.

நிலாணியின் முகம் விழுந்தது. “நான் வருமட்டும் நிக்கச் சொல்லியிருக்கலாமே. திருப்பி எடுக்கட்டோ?”

“ரெலிபோன் காட் முடிஞ்சுதாம். வேலைக்கு வெளிக்கிடுறாராம். நான் எல்லாம் சொன்னனான். நல்ல சந்தோசம்.”

“என்ன சொன்னவர்?”

தவமணி பால் பெட்டியை வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். கதவை மூடுவதற்குள் ஒரு வசனம் வேண்டும். “தெரியாத கேள்வியில நிண்டு மினக்கெட வேண்டாமாம். அதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போகட்டாம்.”

நிலாணி புருவத்தைச் சுருக்கினாள். “அப்பாவோ அப்பிடிச் சொன்னவர்? ஒரு கேள்வியையும் விட்டிட்டுப் போகாதை எண்டெல்லோ எனக்கு எப்பவும் சொல்லுறவர்.”

“இண்டைக்கு அப்பிடித்தான் சொன்னவர்.”

“வயது போகுது போல,” என்று நிலாணி சிரித்தாள்.

தவமணியும் சிரிக்கப் பார்த்தாள். தன் கணவன் எப்படிப் பேசுவார் என்று தனக்குத் தெரியாமற் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருடைய குரலில் ஒரு வசனம் செய்யக்கூட முடியவில்லை. சுகமோ, வேலை எப்படி, குளிரோ. இவ்வளவுதான் தன்னிடம் இருந்தது. மிச்சமெல்லாம் மகளிடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தவமணி வேலைக்குப் போகவில்லை. நிலாணி போன பிறகு குளித்தாள். லண்டனில் இரண்டு மணியாகிற நேரம் கதிரையை யன்னலடியில் போட்டு உட்கார்ந்தாள். எரித்து முடித்ததும் அன்புராசா எடுத்து, முடிஞ்சுது என்று மாத்திரம் சொன்னான். அவள் கண்ணாடிக்கு முன்னால் போய்க் குங்குமத்தை அழித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

பின்னேரம் கதவு திறந்தது. “அம்மா, நான் நல்லாச் செய்தனான்,” என்றுகொண்டே வந்த நிலாணி நின்றாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“எப்ப?” என்றாள்.

“திங்கள்.”

“நேற்றோ?”

“போன திங்கள்.”

வெளியே லிஃப்ட் வந்து நின்று, யாரோ இறங்கி நடந்துபோகிற சத்தம் கேட்டது. நிலாணி அது அடங்கும்வரை நின்றாள்.

“அப்ப பிரேதம் எப்ப எடுக்கிறது? நான் இப்ப வெளிக்கிட்டால்—”

“இண்டைக்கு முடிஞ்சுது, பிள்ளை.”

“எத்தினை மணிக்கு?”

“இஞ்சத்தை நேரத்துக்கு ஒம்பது மணி.”

“ஒம்பது மணிக்குத்தான் நான் பேப்பரைத் திறந்தனான்,” என்றாள் நிலாணி. யாருக்கோ தகவல் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, “ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள்.

“இல்லை.”

“எனக்கு அப்பவே விளங்கியிருக்க வேணும்.”

தவமணி கிட்டப் போனாள். நிலாணி பின்வாங்கவில்லை, அணைக்கவும் இல்லை. தாயின் கை தோளில் பட்டபோது அந்தத் தோளில் இன்னும் பையின் பாரம் இருந்தது.

இருட்டுமுன்பே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செத்தவீட்டில் அடுப்பெரிக்கக்கூடாது என்று அருள்நாயகி அக்கா இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். வின்சன்ற் சுருட்டி வைத்திருந்த அறிவித்தலை நிமிர்த்திக்கொண்டு வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சோபா நிறைந்து, நிலத்திலும் இருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் நிலாணியின் மேலேயே இருந்தது. அவள் அழுவாள் என்று காத்திருந்தார்கள். அழுதால் பிடிப்பதற்கு இரண்டு பெண்கள் பக்கத்தில் தயாராக இருந்தார்கள்.

அவள் அழவில்லை. எழுந்து ஒவ்வொருவரிடமாகப் போனாள். “அன்ரி, உங்களுக்கு எப்ப தெரியும்?” “அங்கிள், உங்களுக்கு?” மரியாதையான குரல். திங்கள் பின்னேரம் என்றார் வின்சன்ற். திங்கள் என்றாள் இன்னொருத்தி. செவ்வாய் என்றது லிஃப்டுக்குள் பகிடி பண்ணுகிற பிள்ளைகளில் ஒன்று. தாய் அதன் கையைப் பிடித்து இழுத்தாள். அருள்நாயகி அக்காவின் முன்னால் வந்தபோது நிலாணி கேள்வியை மாற்றினாள்.

“உங்கட கார் பழுதில்லைத்தானே, அன்ரி?”

அருள்நாயகி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “உன்ர நல்லதுக்குத்தான், மோனை. நாங்கள் எல்லாரும் உன்ர நல்லதுக்குத்தான்.”

“தெரியும்,” என்றாள் நிலாணி.

அவள் சொன்னது குத்தலில்லை. தெரியும் என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. கோபிக்க ஒருவரும் இல்லை. அந்த அறையில் இருந்த யாவரும் அவளை நேசித்தார்கள். அவளுடைய தகப்பன் செத்துப் போனதை அறிந்துகொண்டு அவளுக்கு வணக்கம் சொன்னார்கள், லிஃப்டில் சிரித்தார்கள், பஸ் தரிப்பில் இன்ரவியூ எப்படி என்று கேட்டார்கள். ஒரு கிழமை முழுவதும் அந்தப் பகுதியில் மகேஸ்வரன் உயிரோடிருந்தது அவள் ஒருத்திக்கு மட்டுந்தான்.

வினாத்தாளை அவள் நன்றாகவே செய்திருந்தாள். பிறகு அவளால் தாங்க முடியாமலிருந்தது அதைத்தான். அந்த நேரத்தில் ஒரு கணக்காவது பிழைத்திருக்கலாம், கை ஒரு தரமாவது நின்றிருக்கலாம், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை அம்மா என்று ஒரே ஒரு முறை, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடம், வீடு, வேண்டிய அளவு பேச்சு. தாய் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆங்கில அழைப்புகளை முன்போலவே எடுத்துக் கொடுத்தாள். மகேஸ்வரனுடைய ஸ்பொன்சர் கோப்பை மூடச் சொல்லி அலுவலகத்துக்கு அழைத்ததும் அவள்தான். உறவுமுறை என்ன என்று கேட்டிருப்பார்கள். “மகள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காரணமும் கேட்டிருப்பார்கள். அதையும் சொன்னாள். தவமணி பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டாள்.

தை மாதம் லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் அன்புராசா ஒரு வீடியோக் கசற் கொடுத்துவிட்டிருந்தான். செத்தவீட்டுக் கசற். சனிக்கிழமை காலை இருவருமாக ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். நிலாணி கசற்றைத் தள்ளினாள். சாம்பல் நிறக் கோடுகள் மேலிருந்து கீழே உருண்டன. இரைச்சலுக்குள் ஏதோ ஒரு குரல் தேவாரம் போல இழுத்தது. கோடுகளுக்கு நடுவில் ஒரு முறை வெள்ளையாக ஏதோ தெரிந்து மறைந்தது. அது பூவா, துணியா, முகமா என்று சொல்ல முடியாது. லண்டன் கசற் கனடா மெசினில் ஓடாது என்பது கலியாணக் கசற்றுகள் வந்த காலத்திலிருந்தே அவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் இருவருக்கும் நினைவில்லை.

“வின்சன்ற் அங்கிளிட்டைக் குடுத்தால் நாளைக்கே மாத்தித் தருவார்,” என்றாள் தவமணி.

“வேண்டாம்.”

“ஏன், பிள்ளை?”

“மாத்தேக்க அவர் பாப்பார்.” நிலாணி கசற்றை வெளியே எடுத்து உறையில் போட்டாள். “இதையும் எனக்கு முதல் ஆரும் பாக்க வேண்டாம்.”

பங்குனியில் லண்டனிலிருந்து இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அவள் போகமாட்டாள் என்றுதான் தவமணி நினைத்தாள். போவதற்கிருந்த காரணம் சாம்பலாகிவிட்டது. ஒன்ராறியோவிலும் இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. கட்டடத்திலும் அதையே சொன்னார்கள்: இனி அங்கே போய் என்ன செய்யப்போகிறாள், தாய் தனிய எல்லே. நிலாணி யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. ஏற்றுக்கொள்வதாகப் பதில் போட்டுவிட்டு வந்து சொன்னாள்.

“சித்தப்பா வீட்டிலயோ நிக்கப்போறாய்?” என்று மட்டுந்தான் தவமணியால் கேட்க முடிந்தது. இல்லை, பல்கலைக்கழக விடுதியில் என்றாள்.

செப்டெம்பர் மாதம், புறப்படுகிற நாளுக்கு முந்திய பின்னேரம், பெட்டி நிலத்தில் திறந்து கிடந்தது. தவமணி மிளகாய்த்தூளை மூன்று பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிலாணி மேசை இழுப்பறையிலிருந்து கசற்றை எடுத்துவந்து உடுப்புகளுக்கு மேலே வைத்தாள்.

“உதையும் கொண்டு போறியோ?”

“ஓம். அங்க ஓடும்.”

தவமணி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். இன்னொரு பிரதி அனுப்பச் சொல்லி அன்புராசாவிடம் எந்த நாளும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகள் பார்க்காத முகத்தைத் தான் முந்திக்கொண்டு பார்ப்பதற்கு எந்த உரிமையும் தனக்கில்லை என்று பட்டது.

“ஆரோட இருந்து பாப்பாய்?”

“தனிய.”

“நானும்…” என்று தவமணி தொடங்கினாள்.

நிலாணி நிமிர்ந்து பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. பெட்டியின் விளிம்பில் கையை வைத்தபடி இருந்தாள். அவள் காத்திருப்பது தவமணிக்குத் தெரிந்தது. கடந்த பத்து மாதங்களில் மகள் இப்படி ஒரு முறையும் தன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை, எனக்கும் அவருடைய முகம் வேண்டும் என்று சொன்னால் போதும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அன்புராசா எடுத்த அந்த வெள்ளிக்கிழமை காலை, மகள் பார்ப்பாள், தான் பார்க்கமாட்டாள் என்று நினைத்ததையும்.

யன்னலுக்குக் கீழே பஸ் வந்து நின்று புறப்பட்டுப் போனது. நிலாணி பார்வையை எடுத்துக்கொண்டாள்.

தவமணி எழுந்து போய் ஒரு துவாயைக் கொண்டுவந்தாள். கசற்றை எடுத்து, மூலைகள் அடிபடாமல் அதில் இரண்டு சுற்றாகச் சுற்றினாள். கம்பளிச் சட்டைகளை ஒதுக்கி, நடுவில் இடம் செய்து, உள்ளே வைத்தாள்.